யாருக்கும் இல்லாத பேட்ஜ்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆம்பூர் வந்து சேர்ந்தேன். லாட்ஜ் கவுன்டரில் இருந்தவர் என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார்.

"கூட வர்றவங்க?"

"யாரும் இல்லை."

அலுவலகக் கடிதத்தைக் காட்டினேன். படித்து முடித்த பிறகும் இன்னொரு முறை வாசலைப் பார்த்தார். பதிவேட்டில் கணவர் பெயர் கேட்கும் கட்டத்தில் வழக்கம்போல ஒரு கோடு போட்டேன். இந்தப் பத்து வருடத்தில் என் கோடு நன்றாக நேராக வருகிறது.

ரயிலில் காட்பாடியில் ஏறிய ஒரு சிறுமி தூங்கிப்போய் என் தோளில் சாய்ந்தாள். அவள் அம்மா பதறி இழுக்க வந்தபோது "இருக்கட்டும்" என்றேன். ஆம்பூர் வரை நான் அசையவில்லை. இறங்கும்போது கை மரத்திருந்தது. பெட்டியை இடது கையில் தூக்கிக்கொண்டேன்.

நாளை ஒரு காலணித் தொழிற்சாலையில் வேலை. ஷூவின் மேல்பாகத்தையும் அடிப்பாகத்தையும் ஒட்டும் பசையில் ஹெக்சேன் என்ற திரவம் கலந்திருக்கும். அது ஆவியாகப் பறக்கும். பல மாதங்கள், வருடங்கள் சுவாசித்தால் நரம்பை அரிக்கும். கால் விரல் நுனியில் தொடங்கி மேலே ஏறும், பிறகு கை விரல்களுக்கும் வரும். ஒட்டுகிற பெண்கள் ஒரு நாளில் எவ்வளவு சுவாசிக்கிறார்கள் என்று அளப்பது என் வேலை. வெளிநாட்டில் வாங்குகிறவர்கள் அறிக்கை கேட்கிறார்களாம், அதனால் கூப்பிட்டிருக்கிறார்கள். தானாகவே அறிய விரும்பிக் கூப்பிட்ட முதலாளி யாரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

அலுவலகப் படிவத்தில் எழுத இடமில்லாதவற்றை இங்கே எழுதுகிறேன். அதற்காகத்தான் இந்த நோட்டு, வேறு காரணம் இல்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

பாதுகாப்பு அதிகாரி இம்தியாஸ் கேட்டிலேயே காத்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். சட்டையில் மடிப்புக் கலையவில்லை. நடக்கும்போதே கைப்பிடிச் சுவர்களைத் தொட்டுத் தூசி பார்க்கிறார். இப்படிப்பட்ட ஆட்கள் ஒன்று மிகவும் நேர்மையாக இருப்பார்கள், அல்லது மிகவும் பயந்தவர்களாக. எது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

ஒட்டும் பகுதி நீளமான ஹால். இரண்டு வரிசை மேசை, மேசைக்கு மேசை பசைக் கிண்ணம், பிரஷ். பதினெட்டுப் பெண்கள். மேலே உறிஞ்சு விசிறிகள் புதிதாக மின்னுகின்றன. ஸ்டிக்கர் கூடக் கிழிக்கவில்லை.

"எப்போ போட்டீங்க?"

"போன மாசம், மேடம்."

"நாங்க வர்றோம்னு கடிதம் போட்டது போன மாசம்தான்."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

ஹாலுக்கு வெளியே முற்றத்தில் ஒரு பெண் இரண்டு கையிலும் தகர டப்பாக்களோடு போய்க்கொண்டிருந்தார். இடது கால் செருப்பு கழன்று தரையில் நின்றுவிட்டது. அவர் பாட்டுக்கு நடந்தார். ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் இல்லை. மதில் நிழல் வரை போய்விட்டார்.

"யக்கா! தவமணிக்கா! செருப்பு இங்கியே நிக்குது பாரு, கோச்சிகினு!"

ஜன்னலில் இருந்து யாரோ கத்த, ஹால் முழுக்கச் சிரிப்பு. அந்தப் பெண்ணும் திரும்பி வந்து சிரித்துக்கொண்டே மாட்டிக்கொண்டார். செருப்புத் தொழிற்சாலை வேடிக்கை என்று நினைத்துக்கொண்டேன்.

"அவங்க எந்தப் பகுதி?" என்று இம்தியாஸைக் கேட்டேன்.

"அவங்க நம்ம ஆளு இல்லை மேடம். கான்ட்ராக்ட்."

அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பெண்களுக்கு விளக்கம் சொல்லும் நாள். பேட்ஜ் ஒரு பழைய ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரியது, வட்டமாக, உள்ளே கரித்தகடு. மூடியைத் திறந்து கழுத்துப் பக்கம் குத்திக்கொண்டால் மூக்குக்குப் போகிற காற்றில் இருப்பது அதிலும் ஏறும். மாலையில் மூடிச் சென்னை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

"இது எங்கள ரெக்கார்டு பண்ணுமா மேடம்?"

"பேச்சைப் பண்ணாது. காற்றை மட்டும்."

"அப்ப சூப்பர்வைசர திட்டலாம்டி!"

அதைச் சொன்னவள் எஸ்தர். வரிசையில் மூத்தவள் இல்லை, ஆனால் எல்லோரும் அவளைப் பார்த்துவிட்டுத்தான் சிரிக்கிறார்கள். எனக்கு உதவிக்கு அவளைக் கேட்டேன். பெட்டியில் இருந்த பத்தொன்பதையும் எண்ணிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நாங்க பதினெட்டு பேருதான மேடம். இது யாருக்கு?"

"யாருக்கும் இல்லை."

இதை எல்லா இடத்திலும் விளக்குகிறேன். ஒன்றை மட்டும் ஒரு கணம் திறந்து மூடிப் பெட்டியிலேயே வைத்துவிடுவோம், ப்ளாங்க் என்போம். மற்றவற்றோடு வரும், மற்றவற்றோடு போகும், யாரும் அணிய மாட்டார்கள். பயணத்தில், பெட்டியில், கைபட்டு ஏதாவது ஏறியிருந்தால் அது காட்டிக்கொடுக்கும். அதில் இருப்பதை மற்ற எல்லாவற்றிலிருந்தும் கழித்துவிடுவோம்.

எஸ்தர் எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு அந்தப் பத்தொன்பதாவதை விரலால் தள்ளிப் பார்த்தாள்.

"அல்லாரும் போயி வேல பாக்க சொல்லோ இது மட்டும் பொட்டிக்குள்ள தனியா கெடக்கணுமா?"

"ஆமாம்."

"பாவம் மேடம் அது."

ஆகஸ்ட் 6, புதன்

அளவு எடுத்தோம். காலை எட்டரைக்கெல்லாம் பதினெட்டுக் கழுத்திலும் மாட்டியாயிற்று. புதிதாகக் கல்யாணமான ஒருத்தி "தாலிக்குப் பக்கத்துல எடம் இல்ல மேடம்" என்றாள். "தாலியக் கழட்டி பொட்டில வையி, இத்த மாட்டு. ரெண்டும் ஒண்ணும் பண்ணப் போறதில்ல" என்றாள் எஸ்தர். நான் பின்பக்கம் திரும்பிக் குறிப்பு எழுதினேன். சிரித்தது தெரிந்தால் கட்டுப்பாடு போய்விடும்.

பத்தரைக்கு மேல்மாடியில் கூட்டம். பொது மேலாளர் அரை மணி நேரம் வரவேற்றார். இரண்டு மணி நேரம் திரையில் படம் காட்டினார். பிறகு பிரியாணி. ஆய்வுக்கு வருகிறவர்களை ஹாலுக்கு வெளியே வைத்திருப்பதற்கு இந்த ஊரில் இருக்கும் வழி அது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. ஒரு மேசையில் நான்கு பேரோடு உட்கார்ந்து சாப்பிட்டு நாளாயிற்று.

இரண்டரைக்கு இறங்கி வந்து சுற்றினேன். பதினெட்டும் அவரவர் கழுத்தில் இருந்தன. பெட்டி எஸ்தரின் மேசை இழுப்பறையில். திறந்து பார்க்கவில்லை, பார்க்க வேண்டியது எதுவும் அதில் இல்லை. நாலரைக்கு எல்லாவற்றையும் கழற்றி மூடினேன். பத்தொன்பதும் சரியாக இருந்தன.

மாலையில் மழை.

ஆகஸ்ட் 7, வியாழன்

பார்சல் ஆய்வகத்துக்குப் போயிற்று. நானும் சென்னைக்கு.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வீடு. எதிர் வீட்டுக் குக்கர் விசிலை எண்ணி அவர்கள் வீட்டில் இன்று சாம்பாரா கறியா என்று சொல்லிவிட முடிகிறது. வெள்ளி மாலை லிஃப்டில் ஒருவரிடம் "மூணாவது மாடி" என்றேன். அதற்குப் பிறகு என் குரலை நான் கேட்டது இன்று மாலைதான், பெங்களூரிலிருந்து தம்பி அழைத்தபோது.

"நல்லா இருக்கியாக்கா?"

"நல்லா இருக்கேன்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

"சரிக்கா. வச்சிடறேன்."

ஒழுங்காக ஒவ்வொரு ஞாயிறும் கூப்பிடுகிறான். குறை சொல்ல எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

முடிவுகள் வந்தன. பதினெட்டுப் பேருக்கும் பூஜ்யம்.

இரண்டு முறை படித்தேன். என் வீட்டுச் சமையலறையில் எடுத்திருந்தால்கூட ஏதாவது வந்திருக்கும். பதினெட்டுக் கிண்ணம் பசை திறந்திருக்கும் ஹாலில் பூஜ்யம் என்றால் அந்தப் பெண்கள் அன்று மூச்சு விடவில்லை என்று அர்த்தம்.

ஆய்வகத்தில் சுதர்சனை அழைத்தேன்.

"எல்லாத்துலயும் இருந்துச்சு மேடம், நல்லாவே இருந்துச்சு. ஆனா உங்க ப்ளாங்க்குல அதைவிட அதிகம். விதிப்படி கழிச்சோம். கழிச்சா மீதி ஒண்ணும் நிக்கல."

"ப்ளாங்க்கிலயா?"

"பத்தொன்பதுல அதுதான் உச்சம். எங்க வெச்சிருந்தீங்க, பசை டின்னுக்குள்ளயா?"

எங்கள் நிறுவன இயக்குநர் அறைக்குப் போனேன். அவருக்கு அது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. "விதிப்படி கழிச்சிருக்கு. க்ளையன்டுக்கும் சந்தோஷம். கையெழுத்துப் போடுங்க பத்மினி."

"அந்த ஹாலில் பூஜ்யம் வர முடியாது சார்."

"நீங்க அளந்ததுதானே வந்திருக்கு?"

அடுத்த வெள்ளி வரை அவகாசம் கேட்டேன். பெட்டியை யாரோ வேண்டுமென்றே கெடுத்திருக்கிறார்கள். ஒரு துளி பசை போதும். எஸ்தரைத் தவிர, இந்தக் கழித்தல் விதி தெரிந்தவர் அந்தத் தொழிற்சாலையில் ஒருவர்தான் இருக்க முடியும். சட்டையில் மடிப்புக் கலையாதவர்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

குடியிருப்பில் கொடியேற்றினார்கள். மாடியிலிருந்து பார்த்தேன். ஒரு பையன் மேலே ஏறி வந்து மிட்டாய் கொடுத்துவிட்டுப் போனான். கதவைச் சாத்தியபிறகுதான் நன்றி சொல்லவில்லை என்று நினைவு வந்தது.

ஆகஸ்ட் 18, திங்கள்

மறுபடி ஆம்பூர். அதே லாட்ஜ். இந்த முறை கவுன்டர்க்காரர் வாசலைப் பார்க்கவில்லை.

நேராக இம்தியாஸ் அறைக்குப் போனேன். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன், பெட்டியைத் தொட்டது யார் என்று. அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் முகம் சிவந்துவிட்டது.

"என்மேல சந்தேகமா மேடம்?"

"உங்களுக்கு லாபம் இருக்கு."

"லாபம் கம்பெனிக்கு. எனக்கு இல்லை. நான் பசையை அதுல தடவுவேன்னு நினைக்கிறீங்களா? அஞ்சு வேளை தொழறவன் மேடம் நான்."

தொழுகிறவர்கள், கும்பிடுகிறவர்கள், ஜெபிக்கிறவர்கள் எல்லோரிடமும் பொய் அறிக்கைகள் வாங்கியிருக்கிறேன். அதைச் சொல்லவில்லை. "எஸ்தரிடம் பேசணும்" என்றேன்.

அவள் தேநீர் நேரத்தில் குழாயடிக்கு வந்தாள். நான் ஒன்றும் கேட்பதற்கு முன்பே என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"கெட்டுப்போச்சா மேடம்?"

"எது?"

"கோச்சிக்க மாட்டேன்னு சொல்லுங்க, சொல்றேன்."

"சொல்லு."

"நீங்க மேல போனப்பறம் தவமணிக்கா பசைக் கிண்ணம் எடுக்க வந்துச்சு. எங்க கழுத்தெல்லாம் பாத்துட்டு, 'இன்னாடி, அல்லாருக்கும் மெடல் குத்திகினு கீறாங்க, எனக்கு ஒண்ணு கெடயாதா'ன்னு கேட்டுச்சு. வெளாட்டுக்குதான் கேட்டுச்சு. எனக்குத்தான் ஒரு மாதிரி ஆயிப்போச்சு. தீபாவளி ஸ்வீட் பாக்ஸும் அதுக்கு கெடயாது மேடம், கான்ட்ராக்ட்டுன்னு. ஒவ்வொரு வருசமும் நாங்க ஆளுக்கு ஒண்ணு எடுத்து ஒரு பேப்பர்ல மடிச்சித் தருவோம். சரி, இது யாருக்கும் இல்லன்னு நீங்களே சொன்னீங்க. சும்மா தான கெடக்குதுன்னு தெறந்து மாட்டி வுட்டேன்."

"எத்தனை மணிக்கு?"

"பதினோரு மணி இருக்கும். நாலு மணிக்கு வாங்கி, நீங்க செஞ்சாப்லயே மூடி போட்டு வெச்சிட்டேன். கீறலு கூட இல்லாம பத்தரமா வெச்சிருந்துச்சு மேடம் அது."

திட்ட வாயெடுத்தேன். என்னவென்று திட்டுவது என்று தெரியவில்லை. யாருக்கும் இல்லாததை இல்லாதவருக்குக் கொடுத்திருக்கிறாள். எங்கள் படிவத்தில் அதற்குப் பெயர் 'மாதிரி மாசடைதல்'.

தவமணி வேலை செய்யும் இடத்தைக் காட்டச் சொன்னேன். முற்றத்தின் கோடியில், மதிலை ஒட்டி, ஓர் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட். ஆகஸ்ட் 4 அன்று எனக்குக் காட்டிய வரைபடத்தில் அது இல்லை. கதவு சாத்தியிருந்தது. உள்ளே தகரத் தொட்டியில் பசையைக் கரைக்கும் தின்னர், அதிலும் ஹெக்சேன்தான்; அதில் ஹால் முழுவதிலும் இருந்து வரும் கிண்ணங்களையும் பிரஷ்களையும் ஊறவைத்துக் கழுவிக்கொண்டிருந்தார். வெறும் கை. வாசலில் நின்ற எனக்கே கண் எரிந்தது.

"கதவை ஏன் சாத்தி வெச்சிருக்கீங்க?"

"காத்து வந்தா தின்னரு பறந்துடும் மேடம். மேஸ்திரி கத்துவான், ஒரு வாரத்துக்கு வர்றத மூணு நாள்ல தீத்துட்டேன்னு."

பறக்காமல் இருக்கட்டும் என்று கதவைச் சாத்தி, பறப்பதை எல்லாம் இவர் மட்டும் மூச்சில் வாங்கிக்கொண்டிருக்கிறார். ஐந்து மணி நேரத்தில் இவர் கழுத்தில் ஏறியது, ஹாலில் உள்ள எவருக்கும் எட்டு மணி நேரத்தில் ஏறவில்லை.

கீழே பார்த்தேன். இரண்டு செருப்பையும் கணுக்காலோடு சேர்த்து எலாஸ்டிக் துண்டால் கட்டியிருந்தார், ஷூவில் தைக்கிற அதே கறுப்பு எலாஸ்டிக்.

"அது எதுக்கு?"

"கழண்டு பூடுது மேடம். போறதே தெர்ல. திரும்பிப் பாத்தா பின்னாடி எங்கியோ கெடக்குது. இவளுங்க சிரிக்கிறாளுங்கன்னு கட்டிகினேன்."

"எவ்வளவு நாளா?"

"பொங்கலுக்கு முன்னாடிலருந்து. மொதல்ல சும்மா குறுகுறுன்னு இருந்துச்சு, எறும்பு ஊற மாதிரி. இப்ப அதுவும் இல்ல, நல்லா ஆயிடுச்சி."

நல்லா ஆகிவிட்டதாம்.

வயது கேட்டேன். நாற்பத்தொன்பது என்றார். எனக்கும் அதுதான். சொல்லவில்லை.

முதல் நாள் அந்தச் செருப்பு என் கண் முன்னால்தான் கழன்றது. பாடப் புத்தகத்தில் உள்ள அறிகுறி. வேடிக்கை என்று எழுதியிருக்கிறேன், இந்த நோட்டிலேயே.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

சுதர்சன் ஒரு வழி சொன்னான். அதே தொகுப்பில் தயாரான திறக்காத பேட்ஜ் ஒன்று அவனிடம் இருக்கிறது. அதை வைத்துக் கழித்தால் பதினெட்டுப் பேருக்கும் உண்மையான அளவு வந்துவிடும். நான்கு பேருக்கு வரம்புக்கு மேல். "ஆனா உங்க ப்ளாங்க்கை ஏன் ஒதுக்கினோம்னு காரணம் எழுதணும் மேடம். யார் போட்டிருந்தாங்க, எங்க, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை. போட்டவங்க கையெழுத்து. அது இல்லைன்னா ஏத்துக்க மாட்டாங்க. விதிப்படி பூஜ்யம்தான்."

ஆக, தவமணி பெயரை எழுதினால் பதினெட்டுப் பேர் கணக்கில் வருவார்கள். எழுதினால் தவமணிக்கு அந்த வேலை இருக்காது. எழுதாவிட்டால் எல்லோரும் சுத்தமான காற்றைச் சுவாசிப்பதாக நான் கையெழுத்துப் போட வேண்டும். தவமணி அங்கேயே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார், கால் முழங்கால் வரை போகும்வரை.

மதியம் தொழிற்சாலைக்குப் போனேன். ஷெட் பூட்டியிருந்தது.

இம்தியாஸ் என்னை அறைக்குள் கூப்பிடாமல் படிக்கட்டிலேயே நின்று பேசினார். "நீங்க நேத்து ஷெட்டுக்குள்ள போனது மேல தெரிஞ்சுபோச்சு. கான்ட்ராக்டர் அந்த அம்மாவை இப்போதைக்கு வர வேணாம்னுட்டாராம். நான் போய்ச் சொல்லலை மேடம். கேட்டாங்க. இல்லைன்னு சொல்ல முடியலை."

"நேத்து உங்களைச் சந்தேகப்பட்டது தப்பு" என்றேன்.

"உங்க இடத்துல நான் இருந்தாலும் என்னைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன்." பிறகு மெதுவாக, "ஆய்வு நாள்ல எல்லாம் அந்த ஷெட்டைப் பூட்டிடுவோம். உங்களுக்கு மட்டும் பூட்ட மறந்துட்டாங்க" என்றார்.

நான் போய்ப் பார்த்ததால் ஒருவருக்கு வேலை போயிற்று. நான் செய்தது அவ்வளவுதான் இதுவரை.

ஆகஸ்ட் 20, புதன்

லாட்ஜ். அறிக்கையை இரண்டு விதமாக எழுதினேன். இரண்டிலும் எழுத்துப்பிழை இல்லை.

மெஸ்ஸில் எனக்குச் சுவரைப் பார்த்த மேசை. பரிமாறுகிறவர் இலையைப் போட்டுவிட்டு, "எதிர்ல யாராச்சும் உக்காந்தா பரவால்லியா?" என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். யாரும் உட்காரவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

அறிக்கையை இன்று காலை அனுப்பிவிட்டேன். தொழிற்சாலைக்கு ஒரு பிரதி, வாங்குகிறவர்களுக்கு ஒன்று, இயக்குநருக்கு ஒன்று. அதில் பத்தொன்பது பெயர்கள். இயக்குநர் மூன்று முறை அழைத்தார். எடுக்கவில்லை. திங்களன்று எடுக்க வேண்டியிருக்கும்.

இம்தியாஸிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி: "ஷெட் கதவைக் கழற்றச் சொல்லிவிட்டேன். அந்த அம்மாவைத் திரும்ப எடுக்கச் சொல்ல என்னால் முடியவில்லை. மன்னிக்கவும்." நேர்மையா பயமா என்று நான் முதல் நாள் எழுதிய கேள்விக்கு இரண்டுமே பதில் போலிருக்கிறது.

பத்தொன்பதாவது பெயர் வந்த விதத்தை எழுத வேண்டும்.

நேற்று ஷிஃப்ட் முடிந்ததும் எஸ்தர் என்னைத் தவமணி வீட்டுக்கு அழைத்துப்போனாள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் காலனியில் ஒற்றை அறை. தவமணி வாசலிலேயே முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து ஒரே பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"ஒன்னாலதான்டி அல்லாம்" என்றார் எஸ்தரிடம். "மெடல் மாட்டி வுட்டா பாரு, மவராசி. வேலையே பூட்ச்சி."

எஸ்தர் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"ஏ, சீ. வெளாட்டுக்குச் சொன்னேன். மூக்க சிந்து. மேடத்துக்கு டீ வைய்யி."

என்னால்தான் வேலை போயிற்று, எஸ்தரால் இல்லை என்று சொன்னேன். தவமணி என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, "சரி, உக்காருங்க" என்றார்.

கையெழுத்துக் கேட்பதற்கு முன்னால் காலைப் பார்க்க வேண்டும் என்றேன். நான் மருத்துவர் இல்லை. ஆனால் என்ன கேட்கிறேன் என்பது தெரிந்த பிறகு அவர் முடிவு செய்வதுதான் நியாயம். நாற்காலியில் அவரை உட்காரவைத்துவிட்டு நான் தரையில் உட்கார்ந்தேன். "அய்ய, கீழ எதுக்கு மேடம்" என்று எழப்போனார். காலைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டேன். கனமாக, குளிர்ச்சியாக இருந்தது. ஒரு மனிதரின் காலையோ கையையோ நான் கடைசியாக எப்போது பிடித்தேன் என்று யோசிக்க ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டேன்.

"கண்ணை மூடிக்கோங்க. நான் தொடும்போதெல்லாம் 'ஆங்' சொல்லுங்க."

பஞ்சால் பெருவிரலைத் தொட்டேன். காத்திருந்தேன். மற்ற விரல்கள். உள்ளங்கால். குதிகால். எஸ்தர் அடுப்புப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பேனா முனையால் அழுத்தினேன், தோலில் புள்ளி விழும்படி.

தவமணி பொறுமையாகக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு கேட்டார்:

"இன்னும் ஆரம்பிக்கலியா மேடம்?"

எஸ்தர் தேநீர்ச் சட்டியை இறக்கி வைத்த சத்தம் கேட்டது.

கெண்டைக்காலின் பாதியில்தான் "ஆங்" வந்தது. கண்ணைத் திறந்தவர் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கே எங்கே தொட்டேன் என்று காட்டினேன். பேனாப் புள்ளிகளை அவரே விரலால் தடவிப் பார்த்தார்.

"இம்மாம் தூரமா?"

"ஆமாம்."

"திரும்பி வருமா?"

"அந்தக் காற்றை விட்டு விலகினா கொஞ்சம் கொஞ்சமா வரலாம். முழுசாவான்னு சொல்ல முடியாது. திங்கக்கிழமை வேலூர்ல நரம்பு டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். நானும் கூட வர்றேன்."

பிறகு பெயரைப் பற்றிச் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. பெயர் இருந்தால் அந்தத் தொழிற்சாலை திரும்பக் கூப்பிடாமல் போகலாம். இல்லாவிட்டால் கூப்பிடுவார்களா என்றும் தெரியாது. இருந்தால் எஸ்தர் உட்பட ஹாலில் இருக்கும் எல்லோருக்கும் உண்மையான அளவு வரும்.

தவமணி கொஞ்ச நேரம் எலாஸ்டிக் துண்டைச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொட்டில நீங்க எனக்குன்னு ஒண்ணும் எடுத்தாரலல்ல மேடம்?"

"இல்லை."

"இவதான் மாட்டி வுட்டா. நாள் பூரா மாட்டிகினு இருந்தவ நானு. அதுல எம்பேரு இல்லன்னா எப்டி? போடுங்க."

பேனாவைக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டிப் போட்டார். விரல்கள் பேனாவைச் சரியாகப் பிடிக்கவில்லை. இரண்டு முறை நழுவியது.

"கணவர் பேரு ஒரு கட்டத்துல கேட்டிருக்கு" என்றேன்.

"அது வாணாம். அந்தாளு பூட்டாரு."

"எப்ப இறந்தார்?"

"அய்ய! ஓசூருக்கு."

எஸ்தர் அழுகையோடு சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். எனக்குத்தான் பழக்கமாயிற்றே. "எனக்கும் அதேதான், ஓசூர் இல்லை, துபாய்" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. இருவரும் அதை ஒன்றும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தவமணி மட்டும் "தூரமாத்தான் போயிகிறான்" என்றார்.

தேநீர் குடித்து எழுந்தபோது அவர் என் தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

"இருங்க மேடம். நல்ல காலுன்னா எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியணும்ல. நீங்க கண்ண மூடுங்க."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். எஸ்தர் என் செருப்பைக் கழற்றினாள். யாரோ என் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்கள்.

பெருவிரலில் பஞ்சு பட்டது. "ஆங்" என்றேன். சுண்டுவிரல். ஆங். உள்ளங்காலின் நடுவில். ஆங்.

"அல்லாம் தெரியுதுடி இவங்களுக்கு" என்றார் தவமணி, சந்தோஷமாக.

அடுத்து பட்டது பஞ்சு இல்லை, விரல். பசையும் தின்னரும் பட்டுப்பட்டுச் சொரசொரத்துப்போன விரல். பஞ்சு அவர் பிடியிலிருந்து எங்கோ நழுவி விழுந்திருக்க வேண்டும், அது விழுந்தது அவருக்குத் தெரியவில்லை. வெறும் விரலாலேயே குதிகால், கணுக்கால் என்று தொட்டுக்கொண்டே மேலே வந்தார்.

நான் அதைச் சொல்லவில்லை. எஸ்தரும் சொல்லவில்லை. தொட்ட ஒவ்வோர் இடத்துக்கும் ஆங் என்றேன். அவராகப் போதும் என்று சொல்லும்வரை கண்ணைத் திறக்கவில்லை.